சும்மா நிக்கிறம்

கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கோ, உங்களை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கோ என்று இப்ப எல்லாரும் எங்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். இன்ஸ்ராகிராமைத் திறந்தால் எல்ல போகிற ரயிலின் கதவில் தொங்கிக்கொண்டு ஒரு பிள்ளை சிரிக்குது. படத்துக்குக் கீழே ஒரு தத்துவம், தத்துவத்துக்குக் கீழே ஒரு ஹோட்டலின் பெயர். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அமைதி, யோகா, கடலோசை எல்லாம் சேர்த்து இரவுக்கு இவ்வளவு என்று விலை போட்டிருக்கிறது. எங்கட கடலின் சத்தத்தை எங்களுக்கே விக்கிறாங்கள். வாங்க எங்களிட்டக் காசில்லை என்பது வேற கதை.

நாங்கள் லிங்கநகரையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம். பொடியன்களும் பொம்பிளைப் பிள்ளைகளும் இருக்கிறம். கம்பஸ் லீவில் ஊருக்கு வந்தால் வெள்ளி இரவுகளில் சாப்பிட்டுவிட்டு நடக்க வெளிக்கிடுவம். இயக்கம் என்று சொன்னால் வீட்டில் பயப்படுவினம், ஆகையால் கூட்டம் என்றே வைத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். ஆறுதலாக இருக்கவும் தன்னைத் தேடவும் எல்லவுக்குப் போகத் தேவையில்லை, சொந்த ஊரில் இரவில் நடந்தால் போதும். அந்த நடையைத்தான் எங்களிடமிருந்து பறித்து வைத்திருக்கிறார்கள். ஆர் பறித்தது, எப்ப, எப்படி என்று கதைக்காமல் 'ஸ்லோ லைஃப்' பற்றி மட்டும் கதைக்கிற ஆள் எங்களைப் பொறுத்தவரை அறை வாடகைக்கு விடுகிற ஆள்தான்.

முதலில் இந்த வேகம் எங்கேயிருந்து வந்தது என்று பாருங்கோ. பத்து வயதில் புலமைப்பரிசில். பிறகு ஓ.எல்., பிறகு ஏ.எல்., இசட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி. விடிய ஒரு ரியூசன், பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு ரியூசன். எங்கட வயதில் இங்கே வளர்ந்த ஒரு பிள்ளைக்குத் திருகோணமலை என்றால் வீட்டுக்கும் ரியூசன் கொட்டிலுக்கும் இடையில் இருக்கிற ரோட்டு. அந்த ரோட்டிலும் சைக்கிளை மிதிக்கத்தான் நேரம் இருந்தது, காலை ஊன்றி நிற்க நேரம் இருக்கேல்ல. கம்பஸ் கிடைத்தால் வேறு ஊர். கிடைக்காவிட்டால் ஐ.ஈ.எல்.ரி.எஸ்., பாஸ்போட், வேறு நாடு. இத்தனை வருசம் வாழ்ந்த ஊரைப் பற்றி யாரும் கேட்டால் கோணேசர் கோயில், மான், கன்னியா வெந்நீரூற்று என்று உல்லாசப் பயணிக்குத் தெரிந்ததைத்தான் நாங்களும் ஒப்புவிப்பம்.

நடக்கத் தொடங்கினபோது சில விதிகள் வைத்தம். போன் கையில் இருக்கலாம், படம் எடுக்கக் கூடாது. மோட்டார் சைக்கிள் கிடையாது. எங்கே போகிறம் என்று முதலே முடிவெடுக்கக் கூடாது. ஆருக்குக் கால் நோகுதோ அந்த ஆள் சொல்லுகிற இடத்தில் எல்லாரும் இருக்க வேணும்.

பகலில் சைக்கிளில் பத்து நிமிசத்தில் கடக்கிற தூரம் இப்படி நடந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அந்த நேரத்துக்குள் எவ்வளவோ கண்ணில் படுகிறது. உவர்மலை இறக்கத்தில் காற்று எந்த இடத்தில் மாறுது என்று தோலுக்குத் தெரியவரும். உட்துறைமுக வீதியில் நின்றால் எதிர்க்கரையில் மா ஆலைப் பக்கத்து வெளிச்சம் தண்ணியில் நீளமாகக் கிடக்கும். கோட்டைப் பக்கத்து மான்கள் ரோட்டுக்கு வந்து, குப்பைக்குள் பொலித்தீனைச் சப்பிக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்க்கும். போஸ்ட்கார்ட்டில் உள்ள அதே மான்கள்தான். மீன்பிடிக்கப் போகிறவர்கள் படகு எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடப்பார்கள். கொத்துக் கடையில் தகரம் அடிபடுகிற சத்தம் ஒவ்வொன்றாக ஓயும். ஓட்டோக்காரர் ஒருவர் சீற்றை மடக்கிப் படுத்திருப்பார். நாங்கள் நித்திரை என்று நினைத்திருந்த நேரத்தில் இந்த ஊரின் பாதிப்பேர் வேலை செய்துகொண்டிருக்கினம்.

'தன்னைத் தேடுதல்' என்கிறார்களே, அதுவும் நடந்தது. எங்களில் ஒருத்தி மூன்றாவது வெள்ளி அன்றுதான் சொன்னாள், தான் கலைப்பீடத்துக்கு வந்தது விருப்பத்தில் இல்லை, வீட்டில் கிடைத்த ஏச்சுக்குப் பயந்து என்று. ரெண்டு வருசம் ஒன்றாகப் படித்த எங்களுக்கு அது தெரியாது. வகுப்பிலும் கன்ரீனிலும் வட்ஸ்அப்பிலும் வராத கதை நடக்கும்போது வருகிறது. பக்கத்தில் நடக்கிறவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, இருட்டும் உதவி செய்யும். இதற்குப் பேக்கேஜ் இல்லை, ஒரு பிளேன்ரீ காசு போதும்.

சரி, இவ்வளவு மலிவான ஒன்றை ஏன் முதலே செய்யேல்ல?

விடை ஒரு கேள்விக்குள் இருக்கிறது. எந்த இரவிலும் எங்களிடம் கேட்கப்படுகிற கேள்வி அது: "இஞ்ச என்ன செய்யிறீங்கள்?" தெரிந்த மாமா கேட்பார், கடைக்காரர் கேட்பார், சீருடை போட்ட ஒருவர் டோர்ச் அடித்துக் கேட்பார். "சும்மா நிக்கிறம்" என்று உண்மையைச் சொன்னால் ஆரும் நம்புவதில்லை. கூட்டாளியின் வீட்டுக்குப் போகிறம், மருந்துக் கடைக்குப் போகிறம் என்று பொய் சொன்னால் உடனே நம்புகினம். எங்கட பெரியவர்களும் சுவாமிமாரும் சும்மா இருப்பதை எவ்வளவு பெரிய நிலை என்று சொல்லிவைத்தார்கள்! ரோட்டில் அதைச் செய்து பார்த்தால் அடையாள அட்டையை நீட்ட வேண்டிவரும்.

இந்தத் தீவில் சும்மா நிற்பதைச் சட்டமே குற்றமாக்கியது. 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவிக்கொண்டிருந்த காலம் அது. உழைக்கக்கூடிய ஆள் உழைக்காமல் திரிந்தால் அவரைச் சோம்பேறி, ஒழுங்கீனர் என்று பிடிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. வெள்ளைக்காரன் 1948இல் போனான், சட்டம் போகேல்ல. சுதந்திரம் கிடைத்த பிறகும் அதே சட்டத்தைக் காட்டித்தான் இரவில் ரோட்டில் நின்ற பெண்களையும் திருநங்கைகளையும் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. ஆறுதலாக இருங்கள் என்று விளம்பரம் செய்கிற நாட்டில், ஆறுதலாக நின்றதற்கு நீதிமன்றம் போனவர்கள் இருக்கினம்.

சட்டத்தையாவது வாதாடலாம். எங்கட ஊரில் சும்மா இருந்ததற்கு உயிரையே எடுத்திருக்கிறார்கள்.

2006 ஜனவரி 2, திங்கட்கிழமை. இருட்டுகிற நேரம். கடற்கரையில் காந்தி சிலையடியில் மாணவர்கள் சிலர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஓட்டோ ஒன்றிலிருந்து கைக்குண்டு வந்து விழுந்தது. காயப்பட்டவர்களைத் தூக்க ஆரும் கிட்டப் போக முடியவில்லை. சீருடை போட்டவர்கள் வந்து சூழ்ந்தார்கள், அடித்தார்கள், சுட்டார்கள். மனோகரன் ரஜீகர், யோகராஜா ஹேமச்சந்திரன், லோகிதராஜா ரோகன், தங்கத்துரை சிவானந்தன், சண்முகராஜா கஜேந்திரன் என்று ஐந்து பேர் செத்தார்கள். எல்லாரும் இருபதையொட்டிய வயது.

அவர்கள் கொண்டுவந்த குண்டு அவர்களின் கையிலேயே வெடித்தது என்று முதலில் கதை சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. கதை பொய் என்று நாட்டுக்குத் தெரியவந்தது அந்தப் படங்களால்தான். அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். ரஜீகரின் தகப்பன் வைத்தியர் மனோகரன் பிள்ளைக்காக நாட்டை விட்டுப் போய், ஜெனிவா வரை நீதி கேட்டார். 2013இல் விசேட அதிரடிப்படையினர் கைதானார்கள். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை என்று சந்தேகநபர்கள் 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் ஏன் ஊரில் இல்லை என்று நீங்களே யோசியுங்கோ.

அன்றைக்கு அந்த ஐந்து பேரும் ஊர்வலம் போகேல்ல, சுவரொட்டி ஒட்டேல்ல. சோதனை, ரியூசன் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுக் கடல் காற்று வாங்கிக்கொண்டு கூட்டாளிமாரோடு இருந்தார்கள். இப்ப வாழ்வியல் பேச்சாளர்கள் எங்களைச் செய்யச் சொல்லுகிறது அதைத்தான்.

அப்ப எங்களுக்கு ரெண்டு, மூன்று வயது. இன்றைக்கு அவர்களைவிடச் சில மாதம் மூத்தவர்களாகிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் இதை எங்களுக்கு ஆரும் படிப்பிக்கேல்ல. ஆனால் வேறு வடிவத்தில் ஒவ்வொரு நாளும் படித்திருக்கிறம். "இருட்டுறதுக்கு முதல் வீட்டை வா." "கூட்டமா நிக்காதை." "கடற்கரைப் பக்கம் இப்ப என்ன வேலை?" இந்த வசனங்கள் எங்கட அம்மாமாருக்கு எங்கேயிருந்து வந்தன? எங்களுக்குள்ளேயே சில பேர், அம்மாமாரைப் பழைய பஞ்சாங்கம் என்று சிரிக்கினம். அது நியாயமில்லை. அந்த வசனங்கள் காந்தி சிலையடியில் எழுதப்பட்டவை. எங்கட ஊரில் ஆறரை மணி என்பது ஒரு பண்பாடு என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்லுகிறம்: அது ஒரு தழும்பு.

தழும்பை மதிக்கலாம். அதைச் சட்டமாக வைத்திருக்க ஏலாது. ஏனென்றால் நாங்கள் விட்டுவிட்டு வந்த இரவு வெறுமையாகக் கிடப்பதில்லை, வேறு ஆட்கள் எடுத்துக்கொள்ளுகினம். 2005 மே நடுப்பகுதியில் ஒரு நாள் காலை ஊர் எழும்பிப் பார்த்தபோது, நகரின் பஸ் நிலையத்தடியில் ஒரு புத்தர் சிலை இருந்தது. இரவோடிரவாக வைத்தார்கள். அதற்குப் பிறகு ஹர்த்தால், ஊரடங்கு, பயம். புத்தரோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. இந்த ஊரில் எது எங்கே நிற்கலாம் என்பதை, ஊர் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கிற நேரத்தில் தீர்மானிக்கிற பழக்கத்தோடுதான் கோபம். ரோட்டில் ஆட்கள் இருக்கிற ஊரில், கடை திறந்திருக்கிற ஊரில், கிழவர்கள் திண்ணையில் கதைத்துக்கொண்டிருக்கிற ஊரில் 'இரவோடிரவாக' என்ற சொல்லுக்கு வேலை குறைவு.

துறைமுகத்தையும் பாருங்கோ. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப் புத்தகத்தில் படித்தம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டதும் இதற்காகத்தான். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்களை ஆர் எடுக்கிறது என்று இன்றைக்கும் நாடுகள் பேரம் பேசுகின்றன. 2022 ஜனவரியில்கூட ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். உலகமே கண் வைத்திருக்கிற தண்ணிக்குப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு, அந்தத் தண்ணியில் கால் நனைக்கக் கிடைத்த கரை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வேலி, கடற்படை, தடை என்ற பலகை. கோணேசரைக் கும்பிடப் போவதற்கும் இராணுவம் இருக்கிற கோட்டை வாசலால்தான் போக வேணும். இந்த வரைபடத்தைப் பகலில் அவசரமாகப் போகிறவர் காணமாட்டார். இரவில் நடந்தால் வேலிகள் எங்கே தொடங்கி எங்கே முடியுது என்று கால் எண்ணி வைக்கும்.

2022இல் காலிமுகத்திடலை எல்லாரும் பார்த்தம். ஏப்ரல் 9ஆம் திகதி தொடங்கி நூறு நாளுக்கு மேலாக இளம் ஆட்கள் கடற்கரையில் கூடாரம் போட்டு இருந்தார்கள், படுத்தார்கள், பாடினார்கள், வாசிகசாலை நடத்தினார்கள். ஒரு ஜனாதிபதியையே ஓட வைத்தார்கள். ஜூலை 22 விடியப்புறம் இராணுவம் வந்து அடித்துக் கலைத்தது. அங்கேயும் அரசு வந்தது இருட்டில்தான். போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சந்தோசமும் இருந்தது, ஒரு கசப்பும் இருந்தது. அவர்கள் கடற்கரையில் சும்மா இருந்து அரசியலைக் கண்டுபிடித்தார்கள். எங்கட கடற்கரையில் அதே மாதிரிக் கூடாரம் அடித்திருந்தால் எத்தனை மணித்தியாலம் விட்டிருப்பார்கள்? இதை அந்தப் பிள்ளைகளின் மேல் குற்றமாகச் சொல்லேல்ல. ஒரே நாட்டில் ரெண்டு இரவு இருக்கு என்று சொல்லுகிறம். இன்னுமொன்றும் ஞாபகம் வைத்திருங்கோ. 2006 ஜனவரியில் ஜனாதிபதியாக இருந்தவர், 2022 மே 10ஆம் திகதி சனத்துக்குப் பயந்து அலரி மாளிகையை விட்டு வெளிக்கிட்டுத் தஞ்சம் புகுந்தது எங்கட துறைமுகத்துக் கடற்படைத் தளத்துக்குள். அவருக்குத் திறந்த கரை எங்களுக்குப் பூட்டின கரை.

இவ்வளவும் பொடியன்களுக்கும் பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் பொதுவான கதை. இனிச் சொல்லுகிறது பொதுவில்லை.

எங்களில் சிலர் படிக்கிற வளாகத்தில் பெண்கள் விடுதியின் கேற் நேரத்துக்குப் பூட்டுப்படும். ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒரு நேரம் இருப்பதாக ஆரும் சொல்லிக் கேட்டதில்லை. நூலகம் திறந்திருக்கும், படிக்க வேண்டியவள் விடுதிக்குள் இருப்பாள். கேட்டால் "உங்கட பாதுகாப்புக்குத்தான்" என்பார்கள். இந்தப் 'பாதுகாப்பு' உலகம் முழுக்க ஒரே மாதிரித்தான் கதைக்கிறது. 1977இல் இங்கிலாந்தின் வடக்கில் ஒருவன் பெண்களைத் தேடித் தேடிக் கொன்றுகொண்டிருந்தான். பொலிஸ் பெண்களை இரவில் வெளியில் வரவேண்டாம் என்றது. நவம்பர் 12 இரவு லீட்ஸ் நகரப் பெண்கள் தீப்பந்தத்தோடு ரோட்டில் இறங்கினார்கள். கொல்லுகிறவன் ஆம்பிளை என்றால் ஊரடங்கை ஆம்பிளைகளுக்குப் போடுங்கோ என்று கேட்டார்கள். 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்' என்று, அதாவது கூட்டை உடை என்று, விடுதிப் பூட்டுக்கு எதிராகக் கிளம்பினார்கள். மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூன்று பேரும் 2011இல் 'வை லொய்ட்டர்?' என்று ஒரு புத்தகமே எழுதினார்கள். காரணம் எதுவும் காட்டாமல் நகரத்தில் திரிகிற உரிமை பெண்ணுக்கு வேணும் என்பது அவர்களின் வாதம்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டாம் என்றால் உள்ளூருக்கு வாங்கோ. நவராத்திரி முடிவில் கும்பம் வெளிக்கிடுகிற இரவை நினைத்துப் பாருங்கோ. பறை, உடுக்குச் சத்தத்தோடு கும்பங்கள் தெருத்தெருவாக ஆடி வரும். அம்மாமார், பெரியம்மாமார், கைக்குழந்தைக்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் நடுச்சாமம் தாண்டியும் ரோட்டில் நிற்பினம். சிவராத்திரிக்கும் அப்படித்தான், ஊர் முழுக்க முழிச்சிருக்கும். நத்தார் நள்ளிரவுப் பூசைக்குப் போகிறவர்கள், நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகை முடித்துக் கதைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் என்று எல்லாச் சனத்துக்கும் ஓர் இரவு இருக்கிறது. அந்த இரவுகளில் எங்கட பெண்களுக்கு என்ன நடந்தது? கால் நொந்தது, கடலை கொறித்தார்கள், வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். இரவு தானாக ஆபத்தானது இல்லை. ஆட்கள் இல்லாத இரவுதான் ஆபத்தானது. வருசத்தில் நாலைந்து நாளைக்குச் சாமிக்காகத் திறக்கிற கதவை மற்ற நாளைக்கு எங்களுக்காகத் திறக்கச் சொல்லுகிறம்.

பொடியன்களுக்கும் ஒரு சொல்லு. இரவு என்றால் போத்தல், சைலன்சர் கழட்டின மோட்டார் சைக்கிள், ரோட்டில் போகிற பிள்ளைக்கு விசில் என்று வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்லுகிறம்: ஆறரை மணிக் கேற்றுக்குப் பூட்டு வாங்கிக் கொடுக்கிறது நீங்கள்தான்.

எங்களிடம் வைக்கப்படுகிற எதிர்க்கதைகளையும் பார்ப்பம்.

ஊரில் ஐஸ், மாத்திரை என்று போதை பரவுது, இந்த நேரத்தில் பிள்ளைகளை வெளியில் விடுறதோ என்கிறார்கள். பயம் உண்மையானது, நாங்கள் மறுக்கேல்ல. ஆனால் விக்கிறவனுக்கு வசதி எது? லைற் இல்லாத, கண் இல்லாத, ஆள் இல்லாத ஒழுங்கைதான். பத்துப் பேர் கதைத்துக்கொண்டு இருக்கிற இடத்தில் அவன் கடை போடமாட்டான். பிள்ளையை அறைக்குள் பூட்டினாலும் கையில் போன் இருக்கு, விக்கிறவன் அதற்குள்ளாலும் வருவான்.

சனம் சோத்துக்குக் கஷ்டப்படுகிற காலத்தில் உங்களுக்கு நடையும் நிலவும் கேட்குதோ என்கிறார்கள். இந்தக் கேள்வியில் ஒரு அவமதிப்பு இருக்கு. சோத்துக்குக் கஷ்டப்படுகிறவருக்கு நிலவு தேவையில்லை என்ற அவமதிப்பு. பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் ரான்சியேர் 1981இல் ஒரு நூல் எழுதினார். 1830களில் பகல் முழுக்கப் பட்டறையில் உழைத்த தொழிலாளர், நித்திரையைக் குறைத்துக்கொண்டு இரவில் எழுதினார்கள், வாசித்தார்கள், விவாதித்தார்கள் என்பதை அவர் பழைய ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டினார். உழைக்கிறவருக்கு உழைப்பு மட்டும் போதும் என்று நினைத்தது முதலாளிதான், அவர்கள் அப்படி நினைக்கேல்ல. எஞ்சினைத் தோளில் தூக்கிப் போகிற அந்த அண்ணையும் கரையில் சும்மா இருந்து ஒரு பீடி பத்த வேணும் என்றுதான் நாங்கள் கேட்கிறம்.

படிப்பு முக்கியம், படித்து முன்னேறி வெளியில் போய்ச் சேருங்கோ என்கிறார்கள். எங்களுக்கு ஆகக் கூடுதலாக வலிக்கிற கதை இதுதான். எங்களோடு நடந்தவர்களில் ரெண்டு பேர் இப்ப இங்கே இல்லை. இன்னும் சிலர் அலுவல் பார்க்கினம். கொழும்புக்குப் போகிற இரவு ரயிலில் ஏறுகிற ஒவ்வொருவரும் திரும்பி வருகிற ஆட்கள் இல்லை. போகிறவரைப் பிழை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை, நாளைக்கு நாங்களும் போகலாம். ஆனால் தன்ர ஊரை ஒரு இரவாவது கடைசி வரை நடந்து பார்க்காமல் போகிற பிள்ளை, எதை நினைத்து அங்கே ஏங்கும்? ரியூசன் கொட்டிலையோ? ஊரை அறியாமல் ஊரைப் பிரிகிறவருக்கு ஏக்கமும் இரவல்தான். ரொரன்ரோவில் பனிக்குள் நின்று, முகநூலில் ஆரோ போட்ட கோணேசர் கோயில் படத்துக்கு இதயம் போடுகிறதோடு அவரின் திருகோணமலை முடியும்.

ஆகையால் கேட்கிறதைத் தெளிவாகக் கேட்கிறம்.

மாநகரசபையிடம்: கடற்கரை வீதியிலும் உட்துறைமுக வீதியிலும் எரியாத லைற்றுகளை எரிய வையுங்கோ, இருக்க வாங்கு போடுங்கோ, பெண்கள் பாவிக்கக்கூடிய கழிப்பறையை இரவிலும் திறந்து வையுங்கோ. பல்கலைக்கழகங்களிடம்: விடுதிக்கு நேரம் வைப்பதென்றால் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நேரம் வையுங்கோ, இல்லையென்றால் ரெண்டு பக்கமும் திறவுங்கோ. சீருடைக்காரர்களிடம்: இருந்து கதைக்கிற ஆட்களிடம் அடையாள அட்டை கேட்பதை நிறுத்துங்கோ. பாராளுமன்றத்துக்குப் போகிறவர்களிடம்: 1841இன் சட்டத்தைப் பற்றி ஒரு நாளாவது வாயைத் திறவுங்கோ. அம்மா அப்பாமாரிடம்: விடுங்கோ என்று மட்டும் கேட்கேல்ல. வாங்கோ என்று கேட்கிறம். எங்கட நடையில் இப்ப ஒரு அம்மா வாறா. முதல் நாள் மகளைப் பிடித்துக்கொண்டு போகத்தான் வந்தவா. இப்ப எங்களுக்கு முன்னால நடக்கிறா. எந்த வளவில் ஆர் இருந்தவை, எந்த வருசம் எங்கே ஓடினவை என்று ஒவ்வொரு மதிலடியிலும் நின்று சொல்லுகிறா.

வாசிக்கிற உங்களிடம் கேட்கிறதும் பெரிசில்லை. யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ வவுனியாவோ மதுரையோ, நீங்கள் இருக்கிற இடத்தில் ரெண்டு மூன்று பேர் சேருங்கோ. ஒரு பெண் வருவதற்கு வசதியான நேரத்தையும் பாதையையும் அவளைக் கேட்டுத் தீர்மானியுங்கோ. மோட்டார் சைக்கிளை வீட்டில் விடுங்கோ. போய் எங்கேயாவது இருங்கோ.

ஜனவரி 2 ஒவ்வொரு வருசமும் வருகிறது. காந்தி சிலையடியில் படங்கள் வைத்து, விளக்குக் கொளுத்தி, அஞ்சலி செலுத்திவிட்டுச் சனம் வெளிச்சம் இருக்கும்போதே கலைந்துவிடும். அடுத்த ஜனவரி 2 விளக்குக் கொளுத்தின பிறகு நாங்கள் எழும்பப் போவதில்லை. அந்த ஐந்து பேருக்கும் முடிக்கக் கிடைக்காத பின்னேரம் அது. தேத்தண்ணிப் போத்தல் கொண்டு வாறம். இருட்டின பிறகும் இருப்பம், கதைப்பம். ஆராவது வந்து என்ன செய்யிறீங்கள் என்று கேட்டால், சொல்லுவதற்கு எங்களிடம் ஒரு மறுமொழிதான் இருக்கு.